பதிப்பகம் மாறிய ஆய்விதழ்: புதியதற்குச் சுகம், பழையதற்குச் சிக்கல்

நுளம்பு, உண்ணி, மணல் ஈ என்று நோய் பரப்பும் பூச்சிகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஒரு கட்டத்தில் கட்டாயம் கட்டுரை அனுப்பிப் பார்க்கும் ஆய்விதழ் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு அறிவியற் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமானது. நீண்ட காலமாக ஒரு பெரிய வணிகப் பதிப்பகம் அதை வெளியிட்டு வந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் சங்கம் இதழைத் தூக்கிக்கொண்டு வேறொரு பதிப்பகத்துக்குப் போய்விட்டது. யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை. துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

நான் பொரளைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இந்த இதழில் எழுதுகிறேன், வருகிற கட்டுரைகளை மதிப்பிட்டுக் கொடுக்கிறேன், மாணவர்களை வாசிக்க வைக்கிறேன். ஆகவே புதிய பதிப்பகத்தின் சேவையை எல்லாப் பக்கத்தாலும் பார்த்தாயிற்று. இதற்கெல்லாம் மதிப்பீடு எழுதுவார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நியூரோஇமேஜ் என்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட 3,450 டொலர் கேட்டார்கள். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் பத்து இலட்சத்தைத் தாண்டும். எங்கள் இதழின் கட்டணம் அதைவிடக் குறைவுதான், ஆனாலும் இலட்சக் கணக்கு. வெள்ளவத்தையில் சாப்பிட்ட கொத்து ரொட்டிக்கு நட்சத்திரம் போடுகிற நாங்கள் இதற்கும் போடலாம்.

இதழ் மாறுவதாக மின்னஞ்சல் வந்த அன்று மேல்மாடித் தேநீர் மேசையில் எழுந்த முதற் கேள்வி, "அப்ப பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைக்குமா?" என்பதுதான். பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஹிந்தாவி பதிப்பகத்தை வைலி நிறுவனம் 2021 ஜனவரியில் 298 மில்லியன் டொலருக்கு வாங்கியதும், 2023இல் மட்டும் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீளப் பெறப்பட்டதும், கடைசியில் ஹிந்தாவி என்ற பெயரே கைவிடப்பட்டதும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பதிப்பகம் கைமாறுகிறது என்றாலே ஏதோ வில்லங்கம் என்ற எண்ணம் அப்போது வந்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் இது வேறு கதை. இதழின் பெயர் யாருடையது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பெயர் கம்பனிக்குச் சொந்தமாக இருந்தால், ஆசிரியர் குழு சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறலாமே தவிர பெயரைக் கொண்டுபோக முடியாது. 2006இல் டொபோலஜி என்ற கணித இதழின் குழு அப்படித்தான் விலகியது. 2015இல் லிங்குவா இதழின் ஆசிரியர்கள் வெளியேறி குளோசா என்று புதிதாகத் தொடங்கினார்கள். 2023இல் நியூரோஇமேஜ் ஆசிரியர்கள் மேலே சொன்ன கட்டணத்தை எதிர்த்து மொத்தமாக விலகி, எம்.ஐ.டி. அச்சகத்தோடு இமேஜிங் நியூரோசயன்ஸ் என்ற இதழை ஆரம்பித்தார்கள். மூன்றிலும் பழைய பெயர் அவற்றை வெளியிட்ட எல்செவியர் கம்பனியிடமே தங்கிவிட்டது. புதிய இதழுக்குப் பெயரும் இல்லை, மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் தாக்கக் காரணியும் இல்லை, எல்லாம் முதலிலிருந்து.

பெயர் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தால் நிலைமை தலைகீழ். அயன மண்டல மருத்துவத்துக்கான அரச சங்கத்தின் 'ட்ரான்சக்‌ஷன்ஸ்' இதழைக் கொழும்பில் பலருக்குத் தெரியும். அது 2013இல் எல்செவியரிலிருந்து ஒக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்துக்குப் போனது, அதே பெயரோடு. ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் அமைப்பான எம்போவின் இதழ்கள் 2024இல் வைலியிலிருந்து ஸ்பிரிங்கர் நேச்சருக்குப் போனதும் இந்த வகைதான். எங்கள் இதழும் இப்படியே. இதழை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். இலக்கம் மாறவில்லை, தொகுதி எண் தொடர்கிறது, ஆசிரியர் குழுவில் அதே ஆட்கள். கட்டுரைகளைப் பட்டியலிடும் சுட்டித் தளங்களிலும் இடையில் வெட்டு விழவில்லை. பதவி உயர்வுக் குழுவுக்கு இந்த ஒரு பந்தியைக் காட்டினால் போதும்.

சரி, சேவைக்கு வருவோம்.

கட்டுரை அனுப்பும் புதிய தளம் பழையதைவிட எவ்வளவோ மேல். முன்பு மேற்கோள் பட்டியலை அவர்கள் பாணிக்கு மாற்றுவதிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும். இப்போது முதற்கட்டத்தில் எந்தப் பாணியும் சரி, படங்களையும் அட்டவணைகளையும் உள்ளே வைத்து ஒரே கோப்பாக ஏற்றினால் போதும். பாதியில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மழை நாளில் எங்கள் கட்டடத்து இணையத்தை நம்பி வேலை செய்கிறவளுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக உள்ள ஓர்கிட் இலக்கத்தைக் கொடுத்தால் பாதி விவரம் தானாக நிரம்பிவிடுகிறது.

தபால் குறியீட்டில்தான் மாட்டிக்கொண்டோம். கொழும்பு 8க்குக் குறியீடு 00800. எங்கள் ஆராய்ச்சி மாணவி அதைத் தட்டச்சு செய்ய, படிவம் முன்னால் உள்ள இரண்டு பூச்சியத்தையும் விழுங்கி 800 என்று காட்டியது. பிறகு அதே படிவம் சிவப்பெழுத்தில், இலங்கைக்கு ஐந்து இலக்கம் வேண்டும் என்றது. "மிஸ், தானே அழிச்சுப்போட்டு தானே பிழை எண்டுது" என்றாள். கடைசியில் பொரளையை விட்டுவிட்டுப் பேராதனையின் குறியீட்டைப் போட்டு அனுப்பினோம். கொழும்பு மாநகரில் இருக்கிற எல்லாக் குறியீடும் பூச்சியத்தில்தான் தொடங்குகிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாது போல. உதவி மேசைக்கு எழுதினேன். நன்றி சொன்னார்கள், திருத்தவும் செய்தார்கள். இப்போது பிரச்சினை இல்லை.

இடமாற்ற நேரத்தில் மதிப்பீட்டில் இருந்த கட்டுரைகளைக் கையாண்ட விதம்தான் மோசம். பழைய தளத்தில் கிடந்தவை அங்கேயே முடிவுக்கு வரும், ஆனால் திருத்தம் கேட்கப்பட்டவை புதிய தளத்தில் புதுக் கட்டுரையாக வரவேண்டும் என்றார்கள். சக ஆய்வாளர் ஒருவரின் கட்டுரை இப்படிப் போனது. முந்தைய மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளை அவரே வெட்டி ஒட்டிப் பதிலோடு இணைத்தார். அது போய்ச் சேர்ந்தது வேறு மதிப்பீட்டாளரிடம். அவர் கேட்டது முன்னவர் நீக்கச் சொன்ன அதே வரைபடத்தை.

அச்சுப்படி திருத்தும் கட்டம் எனக்குப் பிடித்திருந்தது, அதில் நடந்த கூத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்போது பிடிஎஃப்பில் குறிப்பெழுதி அனுப்ப வேண்டியதில்லை. உலாவியிலேயே கட்டுரையைத் திறந்து நேரடியாகத் திருத்தலாம். திறந்து பார்த்தேன். எங்கள் துறையில் அனோபிலிஸ் என்ற நுளம்புப் பேரினத்தின் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைத்து, பிறகு இனப்பெயரை எழுதுவது வழக்கம். அந்த இரண்டெழுத்தை ஆங்கிலத்தில் 'ஒரு' என்று பொருள்படும் சொல்லாக மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டது. புள்ளியை நீக்கி, பெரிய எழுத்தைச் சின்னதாக்கி, சாய்வெழுத்தையும் கழற்றி, 'ஒரு குலிசிஃபேசிஸ் சேகரிக்கப்பட்டது' என்ற தோரணையில் கட்டுரை முழுக்கத் திருத்தி வைத்திருந்தது. ஈடிஸ் நுளம்புகள் தப்பித்தன, அவற்றின் சுருக்கம் எந்த ஆங்கிலச் சொல்லையும் போல இல்லாததால்.

அதற்காக எழுதியபோது பதில் போட்டவர் சென்னையிலிருந்து ஒரு தம்பி. பெரிய பதிப்பகங்களின் பக்க வடிவமைப்பு வேலை ஏராளமாகச் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் நடக்கிறது. பெயரைப் பார்த்துத் தமிழில் எழுதினேன். பத்து நிமிடத்தில், "மேடம், சாரி மேடம், அது ஆட்டோ கரெக்‌ஷன். நான் மேனுவலா மாத்திடறேன்" என்று வந்தது. மாற்றியும் கொடுத்தார். அப்புறம் தைரியம் வந்து என் பெயர்ப் பிரச்சினையையும் அவரிடம் போட்டேன்.

இது தமிழருக்கே உரிய தலைவலி. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரின் முதலெழுத்து, பிறகு என் பெயர். பழைய பதிப்பகம் ஆரம்ப காலத்தில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. அதனால் என் முதற் கட்டுரைகளை உலகம் அவர் பெயரில்தான் மேற்கோள் காட்டுகிறது. அவர் சாவகச்சேரியில் புடவைக்கடை வைத்திருந்தவர்; கடி வாங்கியதைத் தவிர நுளம்போடு எந்தத் தொடர்பும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயர் வந்து சேர, இரண்டாவது ஆளாகப் பிரிந்தேன். இடமாற்றத்தின்போது தரவுத்தளம் முதலெழுத்துகளை உதறிவிட, வெறும் பெயரோடு மூன்றாவது ஆள் பிறந்துவிட்டாள். ஒரே இதழில் மூன்று பேர்.

"மேடம், எனக்கும் இதே கதைதான். பாஸ்போர்ட்ல அப்பா பேரு லாஸ்ட் நேம், ஏர்போர்ட்ல என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க" என்று எழுதினார் அந்தத் தம்பி. ஆசிரியர் பெயரைத் திருத்துவது அவர் வேலையே அல்ல. ஆனாலும் எந்தப் படிவத்தை நிரப்பி யாருக்கு அனுப்ப வேண்டும், ஓர்கிட் இலக்கத்தை ஒவ்வொரு பழைய கட்டுரையோடும் எப்படி இணைக்கச் சொல்ல வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். மூன்று பேரும் இப்போது ஒருத்தியாகிவிட்டோம். பழைய பதிப்பகத்திடம் இதைப் பல தடவை கேட்டு நடக்காமல் போனது. இந்த ஒன்றுக்காகவே ஒரு நட்சத்திரம் கூடப் போடலாம், ஆனால் அது பதிப்பகத்துக்கா அந்தத் தம்பிக்கா என்பது வேறு விடயம்.

காசு விவகாரம். இடம் மாறியதோடு இதழ் முழுக்கத் திறந்த அணுக்கமாகிவிட்டது. வாசிக்கக் காசில்லை, எழுதுகிறவர்தான் கொடுக்க வேண்டும். இலங்கையிலிருந்து எழுதினால் பாதிக் கட்டணம் தானாகக் கழிந்துவிடுகிறது, தொடர்பு ஆசிரியரின் நிறுவனம் இங்கே இருந்தால். மீதிக்கும் விலக்குக் கேட்கலாம், ஆனால் கட்டுரையை அனுப்பும்போதே கேட்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் கதவு சாத்தியாயிற்று. இதை எங்கோ உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன். எனக்கு முழு விலக்குக் கிடைத்தது, பெரிய இழுபறி இல்லாமல்.

பக்கத்து அறைக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நிதி இருந்ததால் கட்டினார். வங்கியிலிருந்து போன தொகையில் இடைத் தரகு வங்கி ஏதோ சில டொலரை வெட்டிக்கொள்ள, பதிப்பகத்தின் கணக்கில் குறைவாக விழுந்தது. அந்தச் சில்லறைக்காக வாரா வாரம் தானியங்கி நினைவூட்டல். அவரும் படிவமும் கையுமாக வங்கிக்கு நடந்தார். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு கட்டுரை ஏற்கப்படுவதற்கும் கட்டணப் பட்டியல் வருவதற்கும் இடையில் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பான கதைகள் இந்தக் கட்டடத்திலேயே உண்டு. உள்ளூர் நாணயத்தில் கட்டும் வழி ஒன்றை எந்தப் பதிப்பகமும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இனிப் பழைய கட்டுரைகள். என் மனத்தாங்கல் முழுக்க இங்கேதான்.

இதழ் ஒன்று பதிப்பகம் மாறும்போது யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 'ட்ரான்ஸ்ஃபர்' என்றொரு நடத்தை விதி இருக்கிறது. நைசோ என்ற தர நிறுவனம் பராமரிக்கிறது. பழையவர் கோப்புகளைப் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டும், பழைய இணைய முகவரிக்கு வருகிறவர்களைக் குறைந்தது 12 மாதங்களுக்குப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும், முன்பு சந்தா கட்டி நிரந்தர உரிமை பெற்றவர்களின் உரிமை தொடர வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. விரும்பி ஏற்கும் விதிதான், சட்டமில்லை. இரண்டு பதிப்பகங்களும் ஏற்றுக்கொண்டதாகத்தான் அறிவித்தார்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் நிரந்தர அடையாளமாகக் கொடுக்கப்படும் டிஓஐ இலக்கங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன, அதைச் சொல்லத்தான் வேண்டும். இலக்கம் அப்படியே இருக்கும், அது காட்டும் முகவரியை மட்டும் டிஓஐகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃபில் புதியவர் மாற்றிவிடுவார். உள்ளூர் இதழ்களில் 10.4038 என்று தொடங்கும் இலக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். தேசிய விஞ்ஞான மன்றத்தின் பொறுப்பில் இருக்கும் 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தினுடையது அது. அந்தத் தளம் நாளைக்கு எந்த வழங்கிக்குப் போனாலும் அந்த இலக்கம் போதும். அதனால் மாணவர்களுக்கு நான் சொல்வது, உலாவியின் முகவரியை நகலெடுத்துக் குறிப்பில் போடாதீர்கள், டிஓஐயைப் போடுங்கள் என்பதுதான்.

டிஓஐ கொண்டுபோய் விடுவது கட்டுரையின் வாசலில். உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு. 1970களின் கட்டுரை ஒன்றைத் திறந்தேன். முன்பக்கமாகப் புதிய சின்னத்தோடு ஒரு பளபளப்பான தாள், அதில் 'இணையத்தில் வெளியான நாள்' என்று இடமாற்றம் நடந்த திகதி. தேடுபொறி ஒன்றில் அந்தக் கட்டுரை இப்போது புத்தம்புதியதாக முதலிடத்தில் வருகிறது. பிழைதிருத்தக் குறிப்புகள் தாய்க் கட்டுரையிலிருந்து கழன்று அநாதையாக நிற்கின்றன. கட்டுரையை மட்டும் இறக்கி வாசிப்பவருக்கு அட்டவணை 2இல் பிழை இருந்தது தெரியவே வராது. பதிவிறக்க எண்ணிக்கை எல்லாருக்கும் பூச்சியத்திலிருந்து ஆரம்பம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னிணைப்புகள் காணாமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. இலங்கைக்கு மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் கொடுத்தது. அடுத்த ஆண்டே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி முதன்முறையாகப் பதிவானதாகக் கட்டுரை வந்தது. இந்தியாவின் நகர்ப்புறங்களில் கிணற்றிலும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும் மலேரியா நுளம்பு அது. எங்கள் பழைய மலேரியா நுளம்பான குலிசிஃபேசிஸ் மாதிரி ஆற்றங்கரைக் குட்டைகளைத் தேடிப் போகாது, வீட்டு முற்றத்துக்கே வரும். மாணவி ஒருத்தி வடக்கில் கிணறுகளைப் பார்த்து வருகிறாள். அவளுக்கு ஒப்பிட, தென்னிந்தியக் குழு ஒன்று இந்த இதழில் முன்பு போட்ட கட்டுரையின் பின்னிணைப்பு வேண்டும்: கிணற்றின் ஆழம், சுவர் கட்டியதா இல்லையா, மூடி இருந்ததா, எத்தனை குடம்பி என்று வரிவரியாக இருந்த அட்டவணை. கட்டுரையில் சராசரிகள் மட்டும்தான் உண்டு.

கட்டுரை வந்துவிட்டது. பின்னிணைப்பு இணைப்பை அழுத்தினால் 'பக்கம் இல்லை'. பழைய பதிப்பகத்துக்கு எழுதினோம்: எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டோம் என்றார்கள். புதியவருக்கு எழுதினோம்: எங்களுக்கு வந்த கோப்புகளில் அது இல்லை என்றார்கள். கட்டுரையின் தொடர்பு ஆசிரியர் ஓய்வுபெற்றவர், மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. எங்கள் நூலகர்தான் ஒரு வழி சொன்னார்: இரு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதாமல் சங்கத்தின் செயலாளருக்கு எழுதி இருவருக்கும் பிரதி போடுங்கள், உடைமைக்காரர் கேட்டால்தான் அசைவார்கள் என்று. ஓம், அப்படிச் செய்த பிறகுதான் கோப்புகளின் பட்டியலை இரு தரப்பும் ஒப்பிடத் தொடங்கினார்கள். ஓர் ஆண்டுக் கட்டுரைகளின் பின்னிணைப்புகள் மொத்தமாக வண்டி ஏறாமலே இருந்திருக்கின்றன. ஒரு வாசகி கேட்கும் வரை யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இடமாற்ற அறிவிப்பு வந்த கையோடு, 'புதிய பதிப்பகத்திலிருந்து' என்று சொல்லி விரைவு வெளியீட்டுக்குக் காசு கேட்கும் போலி மின்னஞ்சல்களும் வந்தன. இதழின் பெயரையும் அட்டைப்படத்தையும் அச்சு அசலாகத் திருடிய தளங்கள் எங்கள் துறைக்குப் புதிதல்ல. சந்தேகமாக இருந்தால் ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் இலக்கத்தைப் போட்டு இப்போதைய பதிப்பகம் யார் என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். சங்கத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் இணைப்பு வழியாக மட்டும் உள்ளே போங்கள்.

கட்டுரை அனுப்பலாமா என்றால், தாராளமாக அனுப்பலாம். விலக்குக் கோரிக்கையை முதல் நாளே இணையுங்கள், பேரினச் சுருக்கங்களை அச்சுப்படியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுதுகிறவருக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன். வாசிக்கிறவருக்கு இரண்டுக்கு மேல் மனம் வரவில்லை. உங்கள் சொந்தக் கட்டுரைகளின் பின்னிணைப்புகள் தளத்தில் திறக்கின்றனவா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் இருக்கும் பிரதியோடு சங்கத்துக்கு எழுதுங்கள்.

கிணற்று அட்டவணை இன்னும் வரவில்லை. கடைசியாக வந்த பதிலில் 'வரிசையில் இருக்கிறது' என்று போட்டிருந்தது. வந்ததும் கீழே ஒரு வரி சேர்த்து, இரண்டை மூன்றாக்கிவிடுகிறேன்.